மாசம் 560 ரூபாய் டப்பா

கொஞ்சம் நீளமான த்ரெட். வீட்டில் பிள்ளைகள் இருக்கிறவங்க முழுசா படிச்சிடுங்க.

போன வாரம் ஓபி-யில் ஒரு அம்மா, ஏழு வயசுப் பையனோட வந்தாங்க. "டாக்டர், இவன் எடையே ஏற மாட்டேங்கிறான். இதைவிட நல்ல பவுடரா ஒண்ணு எழுதிக் கொடுங்க"ன்னு போன்ல ஒரு டப்பா படத்தைக் காட்டினாங்க. எடை, உயரம் ரெண்டும் பார்த்தேன். வயசுக்குச் சரியாத்தான் இருக்கான். நாங்க பேசி முடிக்கிறதுக்குள்ள ஸ்டூல் மேல மூணு தடவை ஏறி இறங்கிட்டான்.

அம்மாவோட கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். வெளுத்துப் போயிருந்தது. ரத்தம் பார்த்தா ஹீமோகுளோபின் 7.8. குறைந்தது 12 இருக்கணும்.

ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்னுக்கிட்டே வேலை. "நீங்க முட்டை சாப்பிடுவீங்களாம்மா?"ன்னு கேட்டேன். "வாரத்துக்கு ரெண்டு வாங்குவேன், அது பையனுக்கு. எனக்கும் சேர்த்து வாங்கினா கட்டாது டாக்டர்."

பவுடர் மட்டும் மாசம் ரெண்டு டப்பா. அரைக்கிலோ 280 ரூபாய்.

எனக்குக் கோபம் அந்த அம்மா மேல இல்ல. இதை வாங்கிக் கொடுக்கலைன்னா நீ நல்ல தாயே இல்லன்னு அவங்களை நம்ப வச்ச விளம்பரங்கள் மேல. டிஸ்சார்ஜ் சீட்டில் கடைசி வரியா ஒரு பவுடரை எழுதி அனுப்புற எங்க ஆளுங்க மேலயும்தான். புதுசா பிராக்டிஸ் ஆரம்பிச்சப்போ நானும் எழுதியிருக்கேன். பேஷன்ட் கேட்கிறாங்க, இல்லைன்னு சொல்ல வாய் வராது.

சரி, கணக்குப் போடுவோம். டப்பாவைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படிங்க. பிரபலமான மால்ட் பவுடர்கள் பலவற்றில் 100 கிராமுக்குப் புரதம் 7 முதல் 11 கிராம்தான். சர்க்கரை சிலவற்றில் மூணில் ஒரு பங்கு. அரைக்கிலோ டப்பாவில் கிடைக்கிற மொத்தப் புரதம் அதிகபட்சம் 55 கிராம்.

அதே 280 ரூபாய்க்கு, ஒரு முட்டை 7 ரூபாய்னு வச்சாலும், 40 முட்டை. ஒரு முட்டைக்கு 6 கிராம் புரதம். 240 கிராம் ஆச்சு.

முட்டை சாப்பிடாத வீடா? ரேஷன் கடையில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய். அதில் 200 கிராமுக்கு மேல புரதம் இருக்கு. இதுக்கு எந்த நடிகரும் விளம்பரத்தில் வர மாட்டார். நிலக்கடலையும் அப்படித்தான், 100 கிராமில் 25 கிராம் புரதம். (அஞ்சு வயசுக்குக் கீழ முழுக் கடலை கொடுக்காதீங்க. மூச்சுக்குழாயில் சிக்கிடும். பொடிச்சுக் கொடுங்க.)

"வைட்டமின், இரும்புச்சத்து எல்லாம் சேர்த்திருக்காங்களே டாக்டர்?" சேர்த்திருக்காங்க, மறுக்கல. ஆனா அதைப் பாலில் கலக்குறீங்க. பாலில் இருக்கிற கால்சியம் இரும்பை உடம்பு உறிஞ்ச விடாம தடுக்கும். அப்புறம், "பவுடர் குடிச்சு வளர்ந்தான்"னு நீங்க சொல்றதில் பாதிப் புண்ணியம் அந்தப் பாலுக்குப் போகணும்!

"ஹெல்த் டிரிங்க்னு போட்டிருக்கே?" 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகமே ஆன்லைன் கடைகளைக் கூப்பிட்டு, இந்த பானங்களை அந்தப் பிரிவில் இருந்து எடுங்கன்னு சொல்லிடுச்சு. ஏன்னா 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 'ஹெல்த் டிரிங்க்'னு ஒண்ணு வரையறுக்கப்படவே இல்லை.

இன்னும் ஆஸ்பத்திரிக்கு ஆளைப் பார்க்கப் போகும்போது கையில் ஒரு பாட்டிலோடதான் போறோம். சுகர் பேஷன்ட் கட்டிலுக்கு அடியில நாலு பாட்டில் நிற்கும். ஒரு டஜன் முட்டை கொண்டு போனா கௌரவக் குறைச்சலாம்.

அந்த அம்மா விஷயத்துக்கு வர்றேன். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயசுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதாவது அவங்க ஒருத்தர் கதை இல்ல இது. 7.8-ஐ முட்டையால மட்டும் ஏத்த முடியாது. மாத்திரை வேணும். மாதவிடாயில் போக்கு அதிகமான்னு பார்க்கணும். இரும்பு மாத்திரையும் பூச்சி மாத்திரையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமா கிடைக்குது. கூடவே முருங்கைக்கீரை, பருப்பு, எலுமிச்சை பிழிஞ்ச சுண்டல். அசைவம்னா வாரம் ஒரு தடவை ஈரல், சுவரொட்டி. சாப்பிட்ட கையோட டீ குடிக்கிறதை நிறுத்துங்க, ஒரு மணி நேரம் போகட்டும்.

பையனுக்கு நான் எழுதிக் கொடுத்தது: தினம் ஒரு முட்டை, பால் வெறும் பாலா, சாயங்காலம் ஒரு மணி நேரம் தெருவில் விளையாட்டு. அம்மாவுக்கும் தினம் ஒரு முட்டை. "எனக்குமா?"ன்னு ரெண்டு தடவை கேட்டாங்க.

ரெண்டு பேருக்கும் சேர்த்து மாசம் 60 முட்டை, 420 ரூபாய். பவுடர் காசில் இன்னும் 140 மிச்சம். அதுக்குக் கடலையும் கீரையும் வாங்கிக்கச் சொல்லியிருக்கேன்.

வீட்டில் ஏற்கெனவே பிரிச்ச டப்பா இருந்தா கொட்ட வேண்டாம், தீரட்டும். அடுத்தது வாங்காதீங்க. "அப்போ எந்த பிராண்டு நல்லது டாக்டர்?"னு கமெண்ட்டில் கேட்கப் போறவங்க, முதல்ல இருந்து ஒரு தடவை படிச்சிட்டு வாங்க.