பம்பருக்கு 300 ரூபாய்... உங்களுக்கு?



செமஸ்டர் முடிஞ்ச மறுநாள். திண்டிவனம் பஸ் ஸ்டாண்ட் டீக்கடை. உங்க கேங் நாலு பேர். 'எத்தனை நாளைக்குத்தான் படிக்கட்டுல தொங்கிட்டே செஞ்சிக்குப் போறது? கார் எடுப்போம்டா மச்சி!' என்று ஒருத்தன் கொளுத்திப் போடுகிறான். திண்டிவனம்தான் நாலா பக்கமும் ரோடு பிரியுற ஊராச்சே! இந்தப் பக்கம் செஞ்சிக் கோட்டை, அந்தப் பக்கம் சுமார் 40 கிலோமீட்டரில் பாண்டிச்சேரி. ஐடியா உடனே பாஸ்!

விழுப்புரத்தில் ஒருத்தர் டிரைவர் இல்லாமல் கார் தருகிறார் என்று தகவல் வருகிறது. போய் நிக்கிறீங்க. வாடகை, அட்வான்ஸ் எல்லாம் பேசி முடிச்சதும் அவர் கடைசியா ஒரு கேள்வி கேட்பார் பாருங்க: 'தம்பி, 300 ரூபா எக்ஸ்ட்ரா போட்டா இன்ஷூரன்ஸ் உண்டு. வேணுமா, வேணாமா?'

அங்கேதான் பட்டிமன்றம் ஆரம்பிக்கும். 'நான் நல்லா ஓட்டுவேன், எதுக்குடா தண்டம்?' என்பான் ஒருத்தன். 'எதுக்கும் போட்டு வெச்சுக்கலாமே' என்பாள் இன்னொருத்தி. அந்த 300 ரூபாயில் எத்தனை பிரியாணி வரும்னு மூணாவது ஆள் கணக்குப் போடுவான்.

நாங்களும் காலேஜ் மூணாவது வருஷத்தில் இப்படித்தான் நின்றோம். பிரியாணி ஜெயிச்சது. செஞ்சியில் மலை அடிவாரத்தில் ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னாடி இருந்த ஒரு கல் எங்கள் கண்ணுக்குத் தெரியலை. டமார்! பின் பம்பரில் அரை அடிக்கு விரிசல். அட்வான்ஸ் 5,000 ரூபாய் போச்சு. ஆளுக்கு 1,250. அந்த மாசம் முழுக்க ஹாஸ்டல் மெஸ் சாம்பார்தான் கதி. 'அந்த 300 ரூபாயைக் கட்டியிருக்கலாமே'ன்னு ரொம்ப நாள் புலம்பினோம்.

ஆனா ஃப்ரெண்ட்ஸ், நாங்கள் புலம்பினது தப்பான விஷயத்துக்கு. அது கடைசியில். முதலில் 300 ரூபாய் மேட்டரை முடிச்சுடுவோம்.

அந்த 300 ரூபாய் பெரும்பாலும் இன்ஷூரன்ஸே கிடையாது. 'வண்டியில அடி பட்டா உங்ககிட்ட இவ்வளவுக்கு மேல கேட்க மாட்டேன்' என்று கார்க்காரர் தரும் வாக்குறுதி, அவ்வளவுதான். ஒரு வகையில் மன்னிப்புச் சீட்டு. அமெரிக்கா போன சீனியர் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்க. அங்கே வாடகைக் கார் கவுன்ட்டரில் 'சி.டி.டபிள்யூ.' என்று ஒன்றை விற்பாங்க. அதுவும் இதே சமாச்சாரம்தான்.

'வண்டிக்குத்தான் இன்ஷூரன்ஸ் இருக்கே, ஓனர் அதுல வாங்கிக்க வேண்டியதுதானே?' நியாயமான கேள்வி. ஆனா சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலையைத் தேய்மானம்னு கழிச்சுடுவாங்க. பம்பர் பிளாஸ்டிக்! அது போக, க்ளெய்மே பண்ணாத ஓனருக்கு வருஷா வருஷம் பிரீமியத்தில் தள்ளுபடி உண்டு. 20 சதவீதத்தில் ஆரம்பிச்சு 50 சதவீதம் வரை போகும். ஒரு கீறலுக்காக அதை யார் விடுவா? அதான் உங்க அட்வான்ஸ் மேல கை வைக்கிறாங்க.

சரி, கட்டலாமா வேண்டாமா? ஒரு உதாரணக் கணக்கு. 300 கட்டலைன்னா டேமேஜுக்கு 10,000 ரூபாய் வரை உங்க தலையில். கட்டினா 1,000 ரூபாயோட முடிஞ்சுடும். அதாவது 300 ரூபாய் போட்டு 9,000 ரூபாயைக் காப்பாத்துறீங்க. 9,000-ஐ 300-ஆல் வகுத்தா 30. முப்பது ட்ரிப்பில் ஒரு தடவைக்கு மேல் நீங்க பெருசா இடிக்கிற ஆள்னா, 300 ரூபாய் லாபம். லைசென்ஸ் வாங்கி ஆறு மாசம், ஓட்டிப் பழகினது அப்பாவோட சின்ன கார், எடுக்கப்போறது பெரிய வண்டி... இதுக்கு மேல நான் சொல்லணுமா?

இன்னொரு விதமாகவும் யோசிக்கலாம். 10,000 ரூபாய் போனா, நாலு பேரும் வீட்டுக்குத் தெரியாம ஆளுக்கு 2,500 புரட்ட முடியுமா? முடியும்னா 300-ஐ மிச்சம் பண்ணுங்க. ஒருத்தனோட செமஸ்டர் ஃபீஸ்ல கை வைக்கணும்னா, பேசாம கட்டிடுங்க. தாங்கக்கூடிய நஷ்டத்தை நாமே தாங்கிக்கலாம். தாங்க முடியாததுக்குத்தான் இன்ஷூரன்ஸ்.

கட்டினாலும் எல்லாம் அதில் அடங்காது. டயர், வண்டியின் அடிப்பாகம், உள்ளே சீட் கிழிஞ்சது எல்லாம் பொதுவா வெளியே. பேப்பரில் பேர் இல்லாத ஃப்ரெண்ட் ஓட்டினாலும் அவுட். பாண்டி போயிட்டு 'லேசா'ப் போட்டுட்டு வண்டி எடுத்தா மொத்தமும் அவுட். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தாலே குற்றம். முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம், இல்லைன்னா ஆறு மாசம் வரை ஜெயில், ரெண்டும் சேர்ந்தும் வரலாம்.

இப்போ அந்தத் தப்பான புலம்பலுக்கு வர்றேன். நாங்கள் எடுத்த காருக்கு வெள்ளை நம்பர் பிளேட். அதன் அர்த்தம் எங்களுக்கு ரொம்ப நாள் கழிச்சுத்தான் புரிஞ்சது.

நீங்களே ஓட்டிப்போற வாடகைக் காருக்குக் கறுப்பு பிளேட்டில் மஞ்சள் எழுத்து இருக்கணும். மஞ்சள் பிளேட்டில் கறுப்பு எழுத்துன்னா டாக்ஸி. வெள்ளை பிளேட்டில் கறுப்பு எழுத்துன்னா சொந்த உபயோகத்துக்கான வண்டி. செல்ஃப் டிரைவ் கார் வாடகைக்கு 1989-லேயே மத்திய அரசு 'ரென்ட் எ கேப்' திட்டம்னு ஒண்ணு கொண்டுவந்தது. குறைஞ்சது 50 வண்டி வெச்சிருக்கணும்னு அதில் நிபந்தனை. வீட்டு வாசலில் ரெண்டு வெள்ளை பிளேட் காரை நிறுத்திட்டு 'தம்பி, எத்தனை நாளைக்கு வேணும்?'னு கேட்கிறவர் அந்தக் கணக்கில் வர மாட்டார்.

'நமக்கென்ன, வண்டி ஓடினா சரி'ன்னு தோணும். ஆனா சொந்த காருக்கான பாலிசியை எடுத்துப் படிச்சா, 'வாடகைக்கு விட்டால் செல்லாது' என்கிற அர்த்தத்தில் ஒரு வரி இருக்கும். அன்னிக்குப் பின்னாடி இருந்தது கல். கல்லுக்குப் பதிலா ஒரு பாட்டி நின்னிருந்தா? 'இது விதிமீறல்'னு இன்ஷூரன்ஸ் கம்பெனி கை விரிக்கலாம். முதலில் கம்பெனி கொடுக்கட்டும், பிறகு ஓனர்கிட்ட வசூலிக்கட்டும்னு கோர்ட் சொல்வதும் உண்டு. எப்படியானாலும் ஓட்டின ஆள் பேரும் கேஸில் இருக்கும். அது 5,000 ரூபாய் அட்வான்ஸோட போற விஷயம் இல்லை.

சரி, காருக்குள்ளே இருக்கிற நாலு பேருக்கு?

பின் சீட்டில் பாட்டுப் போடுற மூணு பேரை எடுத்துக்குங்க. தனியார் காருக்குச் சட்டப்படி கட்டாயமான தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தா, உள்ளே உட்கார்ந்து போறவங்களுக்கு அதில் இழப்பீடு வராது. பேக்கேஜ் பாலிசி, அதாவது முழு பாலிசி இருந்தாத்தான் அவங்களும் அடக்கம். சுப்ரீம் கோர்ட்டே 2012-ல் இந்த வித்தியாசத்தைத் தெளிவாச் சொல்லியிருக்கு.

ஸ்டியரிங் பிடிச்ச ஆள் நிலைமை இன்னும் மோசம். 2009-ல் சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்த ஒரு கேஸ். இரவல் வாங்கின பைக்கில் போன ஒருத்தர், முன்னாடி போன மாட்டு வண்டியில் மோதி இறந்துட்டார். தப்பு யாருதுன்னு பார்க்காமலே இழப்பீடு தர்ற பிரிவு ஒண்ணு அப்போ சட்டத்தில் இருந்தது. அது இவர் குடும்பத்துக்குப் பொருந்தாதுன்னு கோர்ட் சொன்னது. காரணம், இரவல் வாங்கி ஓட்டுறவர் ஓனரோட இடத்துக்கு வந்துடறாராம். அப்போ ஓனருக்கு இருக்கிற 15 லட்ச ரூபாய் விபத்து பாலிசி உங்களுக்கு வருமா? நம்பி இருக்க முடியாது. ஆர்.சி. யார் பேரில் இருக்கோ அவருக்கான பாலிசி அது.

அப்போ என்ன பண்ணலாம்? சிம்பிளா நாலு வேலை.

ஒண்ணு, பிளேட்டைப் பாருங்க. வெள்ளைன்னா 'தேங்க்ஸ்ணே'ன்னு சொல்லிட்டுக் கிளம்புங்க. வாடகை 500 ரூபாய் கம்மியா இருந்தாலும் சரி.

ரெண்டு, 'அண்ணே, ஆர்.சி.யும் பாலிசியும் காட்டுங்க'ன்னு கேளுங்க. கூச்சமே வேணாம். எம்-பரிவாஹன் ஆப்பில் வண்டி நம்பரைப் போட்டா இன்ஷூரன்ஸ் எந்தத் தேதி வரைக்கும்னு தெரியும். பாலிசி காப்பியில் 'பேக்கேஜ்' என்று இருக்கா, பயணிகளுக்கு விபத்து கவர் சேர்த்திருக்காங்களான்னு பாருங்க. பாண்டி தனி யூனியன் பிரதேசம். எல்லை தாண்டலாமான்னு பேப்பரிலேயே எழுதி வாங்கிக்குங்க.

மூணு, கிளம்பும் முன்னாடி வண்டியைச் சுத்தி ஒரு வீடியோ. பழைய கீறல் ஒண்ணு விடாம. ரெண்டு நிமிஷ வேலை, உங்க அட்வான்ஸைக் காப்பாத்தும்.

நாலாவதுதான் முக்கியம். பேங்க்கில் 'பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா'ன்னு ஒரு விபத்துக் காப்பீடு இருக்கு. 18 வயசிலிருந்து சேரலாம். விபத்தில் இறந்தாலோ முழுசா ஊனமானாலோ 2 லட்சம். ஜூன் 1 முதல் மே 31 வரை ஒரு வருஷத்துக்கு உங்க அக்கவுன்ட்டில் இருந்து எடுக்கிற பணம் எவ்வளவு தெரியுமா? 20 ரூபாய்! 2022-க்கு முன்னாடி 12 ரூபாயா இருந்தது. 2 லட்சம் பெரிய தொகை இல்லைதான். ஆனா அது உங்க பேரில் இருக்கிற பாலிசி. யாரோட காரில் போனாலும், பஸ்ஸில் போனாலும் கூடவே வரும்.

நாலு பேருக்கும் சேர்த்து 80 ரூபாய். பம்பருக்கு 300 ரூபாய் போடலாமான்னு அரை மணி நேரம் பட்டிமன்றம் நடத்தின கேங், தங்களுக்கு 80 ரூபாய் போடறதைப் பத்தி ஒரு நிமிஷம் பேசலாமே?

இந்த வாரம் பேங்க் பக்கம் போனா, அந்த ஃபாரத்தை மட்டும் வாங்கிப் பாருங்க. செஞ்சி எங்கேயும் போயிடாது. கோட்டை காத்திருக்கும். வீட்டில் அம்மாவும்தான்.

அடுத்த வாரம் மீட் பண்ணலாம். பை பை!