வராத பேருந்தின் விலை

சென்ற மாதம் கோவையில் ஓர் இலக்கியக் கூட்டம். நுகர்வுப் பண்பாடு பற்றிப் பேச்சு. நான் பெரிதும் மதிக்கும் நண்பர் ஒருவர் பேசினார். பெட்ரோல் நூறு ரூபாயைத் தாண்டிய பிறகும் வண்டிக் கடை வாசல்களில் கூட்டம் குறையவில்லை என்றார். மூன்று வருடத் தவணையில் ஆசையை வாங்கி, அதற்கு மாலை போட்டு, எலுமிச்சம்பழத்தின் மீது ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள் என்றார். அரங்கம் சிரித்தது. நானும் சிரித்தேன்.

சிரித்து முடித்தபோதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்பு அப்படி ஒரு எலுமிச்சம்பழத்தின் அருகில் நானே நின்றிருந்தேன். என் சித்தப்பா மகன் புதிதாக ஸ்கூட்டர் வாங்கினான். கடன் பத்திரத்தில் ஜாமீன் கையெழுத்து என்னுடையது. அன்று அந்தக் கூட்டத்தில் எழுந்து பேசாமல் இருந்த குற்றத்துக்கு இந்தக் கட்டுரை.

அவன் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் டெய்லர். ஊர் அங்கிருந்து இருபது கிலோமீட்டர். காலை எட்டரைக்கு உள்ளே போனால் ஒன்றரை ஷிப்ட் முடிந்து இரவு எட்டரைக்கு வெளியே வருவான். எங்கள் ஊர்ப் பக்கம் வரும் கடைசிப் பேருந்து எட்டே காலுக்குக் கிளம்பிவிடுகிறது. முன்பு ஒன்பதேகாலுக்கு ஒன்று இருந்தது. 2020 ஊரடங்கில் நின்றது, பிறகு வரவே இல்லை. சில காலம் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரின் வண்டியில் தொற்றிக்கொண்டு வந்தான். அவர் வேலை மாறிப் போய்விட்டார். இனி வண்டி வாங்க வேண்டும், இல்லையென்றால் அரை ஷிப்ட் கூலியை விட வேண்டும். கடன் வாங்குவதற்கு முன் நானும் அவனுக்கு உபதேசம் செய்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். "இந்த விலையில இப்ப எதுக்கப்பா?" என்றேன். அவன் சொன்னது இவ்வளவுதான்: "பஸ் இருந்தா நான் எதுக்குங்ணா வண்டி வாங்கறேன்? மழையில நனையறதுக்குங்களா?"

நம் பேச்சாளர்கள் கணக்குக்கு வருவதில்லை என்பதால் அந்தக் கணக்கை நான் போடுகிறேன். வண்டி, காப்பீடு, வரி, பதிவு எல்லாம் சேர்ந்து 90 ஆயிரம் ரூபாய். ஏலச்சீட்டு எடுத்து 30 ஆயிரம் முன்பணம் கட்டினான். மீதி 60 ஆயிரம் கடன். வட்டி 12 விழுக்காடு என்றார்கள். இந்த 12 என்பது ஒரு தந்திரம். அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வந்தாலும், முதல் நாளில் வாங்கிய முழு 60 ஆயிரத்துக்குமே மூன்று வருடமும் வட்டி போடுகிறார்கள். ஆக வட்டி 21,600 ரூபாய், மாதத் தவணை 2,267 ரூபாய். குறைந்துவரும் அசலுக்கு வட்டி என்று நேர்மையாகக் கணக்கிட்டால் இது ஏறத்தாழ 21 விழுக்காடு வட்டி. கார் வாங்கும் வங்கி ஊழியர் இந்த வட்டியைக் கனவிலும் கட்டமாட்டார்.

அடுத்தது பெட்ரோல். போக வர நாற்பது கிலோமீட்டர், லிட்டருக்கு ஐம்பது கிலோமீட்டர், மாதம் இருபத்தாறு நாள். லிட்டர் நூறு ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும் 2,080 ரூபாய் ஆகிறது. தவணையோடு சேர்த்தால் 4,347. அவனுடைய வாரச் சம்பளம் 4,500 ரூபாய். மாதத்தில் ஒரு வாரம் முழுவதும், வேலைக்குப் போய் வரும் செலவுக்காக மட்டுமே அவன் தைக்கிறான். டயர், ஆயில், பஞ்சர் எதுவும் இந்தக் கணக்கில் வரவில்லை. இதற்குப் பெயர் ஆசை என்றால் தமிழில் அந்தச் சொல்லுக்குப் புதிய அகராதி எழுத வேண்டும்.

என் வாதம் இதுதான். தமிழ்நாட்டில் கூலிக்காரன் வாங்கும் இருசக்கர வாகனத்தின் பெரும்பகுதி நுகர்வே அல்ல. அது ஒரு வரி. வராத பேருந்துக்காக அவன் தன் கையிலிருந்து கட்டும் வரி. பொதுவில் தரப்பட வேண்டிய ஒன்றைத் தராமல் விட்டு, அதைத் தனித்தனியாக அவரவர் தலையில் கட்டி, அதற்குக் கடனும் கொடுத்து, அந்தக் கடன்காரனைப் பேராசைக்காரன் என்றும் ஏசுகிறோம். முதல் மூன்றையும் அரசும் சந்தையும் செய்கின்றன. நான்காவதை இலக்கியவாதிகள் இலவசமாகச் செய்து தருகிறோம்.

மிகை என்று தோன்றினால் 2018ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். அந்த ஆண்டு ஜனவரி 20ஆம் நாள் முதல் தமிழக அரசு பேருந்துக் கட்டணத்தைக் கடுமையாக உயர்த்தியது. கல்லூரி மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். சில நாட்களில் கொஞ்சம் குறைத்தார்கள், பழைய கட்டணம் திரும்பவில்லை. சரியாக முப்பத்தைந்தாவது நாள், பிப்ரவரி 24 அன்று, சென்னையில் பிரதமரை வைத்து அம்மா இருசக்கர வாகனத் திட்டத்தைத் தொடங்கினார்கள். வேலைக்குப் போகும் பெண்கள் ஸ்கூட்டர் வாங்கினால் விலையில் பாதி, அல்லது 25 ஆயிரம் ரூபாய், இவற்றில் எது குறைவோ அது மானியம். ஒரு கை பேருந்திலிருந்து இறக்கிவிட்டது, மறு கை ஸ்கூட்டரில் ஏற்றிவிட்டது. அந்தப் பெண்கள் அந்த மானியத்தால் பயன் பெற்றார்கள், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பேருந்தில் போட வேண்டிய பணத்தை ஸ்கூட்டரில் போடுவது என்ற கொள்கை அங்கே வெளிப்படையாகவே நின்றது. 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. இந்த மாநிலம் அண்மைக் காலத்தில் செய்த மிக நல்ல காரியங்களில் ஒன்று அது. ஆனால் கட்டணமில்லாப் பேருந்தாக இருந்தாலும் அது முதலில் வர வேண்டும். எட்டே காலுக்கு மேல் வராத பேருந்தில் கட்டணம் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

இந்த இடத்தில் பொருளாதாரம் படித்த நண்பர் ஒருவர் குறுக்கிடுவார். விலை ஏறினால்தான் எரிபொருள் பயன்பாடு குறையும், சந்தையை அதன் போக்கில் விட வேண்டும் என்பார். விட்டோமே ஐயா. 2010 ஜூனில் பெட்ரோல் விலைக் கட்டுப்பாட்டை நீக்கினார்கள். 2017 ஜூன் முதல் நாள்தோறும் விலை மாறும் என்றார்கள். உலகச் சந்தையில் ஏறினால் இங்கே ஏறும், இறங்கினால் இறங்கும் என்பது வாக்குறுதி. 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்கக் கச்சா எண்ணெயின் முன்பேர விலை பூஜ்யத்துக்கும் கீழே போனது. நமக்கு என்ன கிடைத்தது? மே மாதத் தொடக்கத்தில் மத்திய அரசு பெட்ரோலுக்கு லிட்டருக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் வரியை உயர்த்தியது. அதே நாட்களில் தமிழக அரசும் தன் வரியைக் கூட்டியது. அடுத்த ஆண்டு கச்சா எண்ணெய் ஏறியபோது அந்த ஏற்றம் மட்டும் தவறாமல் வந்து சேர்ந்தது. 2021 ஜூலையில் சென்னையில் பெட்ரோல் நூறைத் தாண்டியது. பிறகு மாநிலமும் மத்தியும் வரியைச் சிறிது சிறிதாகக் குறைத்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்படிக் குறைத்த பின்பும் 2024இல் ஒரு லிட்டரில் மத்திய கலால் வரி 19 ரூபாய் 90 காசு. மாநில வரியையும் சேர்த்தால் 40 ரூபாய்க்கு மேல்.

அந்தக் கணக்கில் என் தம்பி மாதத்துக்கு 800 ரூபாய்க்கு மேல், ஆண்டுக்கு ஏறத்தாழ 10 ஆயிரம் ரூபாய் எரிபொருள் வரி மட்டும் கட்டுகிறான். வருமான வரிப் பட்டியலில் அவன் பெயர் இல்லை. 'இந்த நாட்டில் வரி கட்டுகிறவர்கள் நாங்கள்தான்' என்று நடுத்தர வர்க்கம் பெருமூச்சு விடும்போதெல்லாம் எனக்கு அவன் பெட்ரோல் பங்கில் வரிசையில் நிற்கும் காட்சி தோன்றும். இறக்குமதிக் காரில் போகிறவரும் அவனும் ஒரு லிட்டருக்கு ஒரே கலால் வரிதான் கட்டுகிறார்கள். அவருக்கு அது சில்லறை, இவனுக்கு மாதத்தில் ஒரு நாள் கூலிக்கு மேல். விலையேற்றம் பயன்பாட்டைக் குறைக்கும் என்பது மாற்று வழி இருக்கும் இடத்தில் மட்டுமே உண்மை. மாற்று வழி இல்லாத இடத்தில் அது சாப்பாட்டைத்தான் குறைக்கும்.

போதாக்குறைக்கு எத்தனால். 2021இல் நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கையே, 20 விழுக்காடு எத்தனால் கலந்தால் அதற்கென வடிவமைக்கப்படாத இருசக்கர வண்டிகளில் மைலேஜ் 3 முதல் 4 விழுக்காடு குறையும் என்று மதிப்பிட்டது. எத்தனாலின் எரிசக்தி லிட்டருக்கு லிட்டர் பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான். 2025இல் அந்தக் கலவை நாடெங்கும் வந்துவிட்டது, அதற்காக பங்கில் விலை குறையவில்லை. பாலில் தண்ணீர் கலக்கிறவராவது அதை தேசபக்தி என்று சொல்வதில்லை.

வண்டி விலையின் கதையும் இதுவே. 2018 செப்டம்பர் முதல் புதிய இருசக்கர வண்டிக்கு ஐந்தாண்டு மூன்றாம் நபர் காப்பீட்டை வாங்கும்போதே மொத்தமாகக் கட்ட வேண்டும். 2020 ஏப்ரல் முதல் பாரத் ஸ்டேஜ் 6 புகை விதி. இரண்டும் தேவையானவை, நான் எதிர்க்கவில்லை. ஆனால் இரண்டின் செலவும் வாங்குகிறவன் தலையில் ஒரே நாளில் இறங்குகிறது. 2023 நவம்பரில் தமிழக அரசு வாழ்நாள் வரியை உயர்த்தியது. ஒரு லட்சம் ரூபாய்க்குள் விலையுள்ள இருசக்கர வண்டிக்கும் 8 விழுக்காடு 10 ஆனது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28இலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்தது என்பது உண்மை. 80 ஆயிரம் ரூபாய் வண்டியில் 6,250 ரூபாய் மிச்சம். விழா எடுத்தார்கள். அதற்கு முந்தைய எட்டு ஆண்டுகள் ஒரு டெய்லரின் ஸ்கூட்டர் ஆடம்பரப் பொருளுக்குரிய 28 விழுக்காட்டில் கிடந்ததற்கு யாரும் வருத்தம் தெரிவித்ததாக எனக்கு நினைவில்லை.

இன்னொரு நண்பர் மின்சார வண்டி வாங்கச் சொல்லியிருக்கலாமே என்கிறார். சொன்னேன். அவன் குடியிருப்பது வாடகை வீடு. வண்டி நிற்பது தெருவில். சார்ஜ் போட மூன்றாவது வீட்டு ஜன்னலிலிருந்து வயர் இழுக்க வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. 2023 ஜூனில் மத்திய அரசு மின்சார இருசக்கர வண்டிக்கான மானியத்தை வெட்டியபோது விலையும் எட்டாத இடத்துக்குப் போய்விட்டது. சொந்த வீடும் சொந்த மீட்டரும் உள்ளவனுக்குத்தான் அந்தச் சிக்கனம் வாய்க்கிறது. ஏழையாக இருப்பதற்குச் செலவு அதிகம்.

நம்மவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். பி. சாய்நாத் அதைப் பற்றி எழுதினார். நாம் எல்லோரும் அதை விடுதலை என்று கொண்டாடினோம், சரியாகவே கொண்டாடினோம். அந்தப் பெண்களின் மகள்கள் இன்று ஸ்கூட்டரில் வேலைக்குப் போகிறார்கள். தாய் மிதித்தால் விடுதலை, மகள் முறுக்கினால் நுகர்வு வெறியா? சைக்கிளின் ஏழ்மை நம் கண்ணுக்கு அழகாக இருந்தது. ஸ்கூட்டரின் ஏழ்மை பளபளப்பாக இருப்பதால் நமக்கு அடையாளம் தெரியவில்லை.

நுகர்வைப் பற்றிப் பேசவே கூடாது என்று சொல்லவில்லை. பேசுங்கள். அதற்குச் சரியான ஆளையும் காட்டுகிறேன். நான் 2019இல் ஒரு கார் வாங்கினேன். என் அலுவலகத்துக்கு வீட்டு வாசலிலிருந்தே பேருந்து உண்டு. கார் வாரத்தில் ஐந்து நாள் வேப்ப மரத்தடியில் நிற்கிறது, பூ உதிர்ந்தால் துடைக்கிறேன். அதை வாங்கியதற்கு என்னிடம் ஒரே காரணம், என்னோடு படித்தவர்கள் எல்லோரும் வாங்கியிருந்தார்கள். அந்தக் கூட்டத்துக்கும் அதில்தான் போனேன். அரங்கத்து வாசலில் என்னுடையதைப் போல இருபது கார்களாவது நின்றிருக்கும். நண்பர் அவற்றைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. கை தட்ட வேண்டியவர்கள் அவற்றில்தான் வந்திருந்தார்கள்.

1997இல் தமிழகத்தில் மினி பஸ் திட்டம் வந்தபோது, பேருந்தையே பார்த்திராத ஊர்களுக்குள் அந்தச் சிறு வண்டி நுழைந்ததை நான் பார்த்திருக்கிறேன். 2025இல் அது விரிவாக்கப்பட்டிருக்கிறது. அந்த வண்டி எந்த ஊருக்கு, எத்தனை மணி வரை ஓடுகிறது, ஷிப்ட் விடும் நேரத்துக்கும் கடைசி நடைக்கும் இடையில் எத்தனை நிமிடம் என்ற கேள்விகளில் கவர்ச்சி ஒன்றும் இல்லை. கைதட்டலும் கிடைக்காது. ஆனால் வண்டி வாங்குகிறவனைப் பற்றிப் பேச விரும்பும் எவரும் முதலில் கேட்க வேண்டிய கேள்விகள் அவைதான்.

நண்பருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்தை எங்கள் ஊரில் வைத்துக்கொள்ளலாம். தலைப்பு அதே நுகர்வுப் பண்பாடாகவே இருக்கட்டும். காரை விட்டுவிட்டு வாருங்கள், மாலைப் பேருந்தில் வந்து சேர்ந்துவிடலாம். பேச்சு இரவு ஒன்பதுக்கு முடியும். திரும்பிப் போவதற்குக் கவலை வேண்டாம், என் தம்பி ஸ்கூட்டரில் கொண்டுவந்து விடுவான். பெட்ரோலுக்கு மட்டும் காசு கொடுத்துவிடுங்கள்.