ஒரே பான், இரண்டு ஆள்

அன்னவாசலில் ஜிஎஸ்டி பதிவு பெற்ற கடை எதுவானாலும், பதிவுச் சான்றிதழை வாடிக்கையாளர் கண்ணில் படும்படி மாட்டியிருக்க வேண்டும். அதிலுள்ள 15 இலக்க எண் 33 என்று தொடங்கும். அது தமிழ்நாட்டுக்கான எண். அடுத்த பத்து இலக்கமும் உரிமையாளரின் பான். அதே வியாபாரி புதுக்கோட்டையில் கிளை திறந்தால் இந்த எண்ணே போதும். பெங்களூரில் திறந்தாலோ 29-இல் தொடங்கும் புது எண் வாங்க வேண்டும். நடுவில் இருக்கும் பான் மாறுவதில்லை. ஆனாலும் சட்டத்தின் 25-ஆவது பிரிவு இரண்டையும் தனித்தனி ஆளாகவே பார்க்கிறது. தன் சரக்கைத் தன் கிளைக்கே அனுப்பினாலும் பில் போட்டு வரி கட்ட வேண்டும்.

சரக்கில் அந்த வரியைக் கிளை உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ளலாம். சேவையில்தான் சிக்கல். கொலம்பியா ஏசியா மருத்துவமனை விவகாரம் அதற்குச் சாட்சி. பெங்களூரு தலைமை அலுவலகத்தில் கணக்கும் நிர்வாகமும் பார்த்த ஊழியர்களின் வேலை, பிற மாநில மருத்துவமனைகளுக்கு அளித்த சேவை என்றும், சம்பளச் செலவையும் சேர்த்து வரி கட்ட வேண்டும் என்றும் 2018-இல் கர்நாடக முன்கூட்டிய தீர்ப்பாணையம் சொன்னது. மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது. மருத்துவச் சேவைக்கு வரிவிலக்கு இருப்பதால் இப்படிக் கட்டும் வரி வரவாகத் திரும்பாது, செலவாகவே தங்கிவிடும். சம்பளத்தைச் சேர்ப்பது கட்டாயமில்லை என்ற மத்திய அரசின் சுற்றறிக்கை 2023 ஜூலை 17-இல்தான் வந்தது. ஐந்தாண்டு தாமதம் நியாயமே இல்லை.

உள் பரிமாற்றத்துக்கு வரி விதிக்காத ஏற்பாடு வேறு நாடுகளில் உண்டு. சிங்கப்பூரிலும் பிரிட்டனிலும் ஒரே கட்டுப்பாட்டிலுள்ள கம்பெனிகள் குழுவாக ஒரே பதிவு பெறலாம். உள்ளுக்குள் நடக்கும் கொடுக்கல் வாங்கலுக்கு வரி கிடையாது. ஆனால் ஒரு கம்பெனி வைத்த பாக்கிக்குக் குழுவே பொறுப்பு. யார் எந்தக் குழுவில், யாருக்காகப் பேசினார் என்ற தகராறும் கூடவே வரும். குழுவில் இருந்த பிங்கோ கிளப் நிறுவனம் ஒன்று, கூடுதலாகக் கட்டிய வரியைத் திரும்பக் கேட்டது. அது குழுவின் பிரதிநிதியான டெய்லர் கிளார்க் சார்பில் கேட்டதாகாது என்று 2018 ஜூலையில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டெய்லர் கிளார்க்குக்கு அந்தப் பணம் கிடைக்கவில்லை.

அதனால் வெவ்வேறு கம்பெனிகளைச் சேர்க்கும் குழுப் பதிவுக்கு நாம் அவசரப்பட வேண்டியதில்லை. ஒரே பானுக்குள் இருக்கும் கிளைகளின் விஷயம் வேறு. அவற்றுக்கிடையே வரி இல்லையென்றால் மாநிலங்கள் தங்கள் வரிப் பங்கு குறையுமோ என்று அஞ்சுவது புரிகிறது. அதைப் பங்கிட்டுக் கொடுக்க ஐஜிஎஸ்டி என்ற, மாநிலங்களுக்கு இடையிலான வரி ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. சொந்த ஊழியர்கள் சொந்தக் கிளைக்குச் செய்யும் வேலையின் சம்பளச் செலவுக்கு வரி இல்லை என்பதைச் சுற்றறிக்கையோடு விடாமல், ஜிஎஸ்டி கவுன்சில் சட்டத்திலேயே எழுத வேண்டும்.