சீயக்காய் மட்டுமே மலிவா?

பள்ளி திறக்கும் ஜூனில், சாஷே ஷாம்பு ஏழை மாணவருக்கு வீண்செலவு, சீயக்காயே மலிவு என்னும் வாதம் சென்னைப் புறநகரான ஊரப்பாக்கத்துக்குப் பொருந்துவதன்று. சீயக்காயில் நுரை தரும் சப்போனின் என்னும் இயற்கைப் பொருளில் குறையில்லை. ஆனால் முடியில் சிக்கிய திப்பியை அலசி எடுக்கும் நீரையும், காலை மின்தொடர் வண்டிக்கு ஓடும் தாயின் நேரத்தையும் இவ்வாதம் கணக்கில் சேர்ப்பதேயில்லை. கடலூர் சின்னிகிருஷ்ணன் முன்னெடுத்த சாஷே முறையும், 1983இல் அவர் மகன் சி.கே. ரங்கநாதன் தொடங்கிய சிக் ஷாம்பு வணிகமும் முழுப்புட்டி வாங்க இயலாதோரையே எட்டின. கேடு வேறிடத்தில் உள்ளது: ஆழ்துளைக் கிணற்று நீர் கால்சியம், மக்னீசியம் மிகுந்த கடின நீராயின், குளியல் சோப்பைத் தலைக்கும் தேய்க்கும்போது கரையாத படிவு முடியில் தங்கிச் சிக்காகும்; ஷாம்புவில் இத்தொல்லை மிகக் குறைவு. பேனுக்கோ சீயக்காயும் சாதாரண ஷாம்புவும் மருந்தல்ல. ஈரத்தலையில் பேன் சீப்பை இரு வாரமேனும் விடாது இழுக்க வேண்டும்.