நம் லேபுக்கு ஒரு குழாய் வேண்டும்!



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுது என்றார்கள். "காதல் கவிதை மட்டும் வேணாம்டா, அது ஏற்கெனவே ஏகப்பட்டது வந்தாச்சு" என்று மலர்க்குழு நண்பர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். எனக்குக் கவிதை வராது. தெரிந்தது சால்டரிங் ஒன்றுதான், அதைப் பற்றியே எழுதுகிறேன். கடைசியில் மன்றத்திடம் ஒரு கோரிக்கையும் வைத்திருக்கிறேன்.

நம்மில் எத்தனை பேர் சாயங்காலம் மொபைல் சர்வீஸ் கடைகளில் வேலை பார்க்கிறோம்? எங்கள் ஈ.சி.இ. வகுப்பில் கேட்டால் ஒரு பெஞ்சுக்கு ஒரு கையாவது உயரும். காலேஜ் விட்டதும் பஸ் பிடித்து தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் இறங்கினால், இரவு ஒன்பது மணி வரைக்கும் ஸ்டூலை விட்டு எழுந்திருக்க முடியாது. பட்டுக்கோட்டை, மன்னார்குடி, கும்பகோணம் நண்பர்களுக்கு அவரவர் ஊரிலேயே இதே கதைதான். கடைக்கு வருவது போன் மட்டும் அல்ல. வயலில் இருக்கும் போர் மோட்டாரை வீட்டுத் திண்ணையில் இருந்தே போனில் போட்டு நிறுத்துகிறார்களே, அந்த ஸ்டார்ட்டர் போர்டுகளும் வரும். இடி, மழை, எலி மூன்றும் அதற்கு எதிரி. ஐப்பசி பிறந்துவிட்டால் கடை மேஜையில் இடம் இருக்காது.

இந்த வேலையில் உச்சம் எது என்றால், ரீபாலிங். நம் லேபில் நாம் சால்டர் செய்கிற 555 ஐ.சி.க்கு எட்டுக் கால், கண்ணுக்குத் தெரிகிற கால். போனில் இருக்கும் பி.ஜி.ஏ. சிப்புக்குக் காலே கிடையாது. அடிவயிற்றில் வரிசை வரிசையாக நுண்ணிய சால்டர் உருண்டைகள்தான், ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டருக்கும் கீழே. போன் கீழே விழுந்தாலோ தண்ணீர் போனாலோ அதில் நாலு உருண்டை விட்டுப்போகும். சிப்பைக் கழற்றி, பழைய ஈயத்தைச் செம்பு வலையால் உறிஞ்சி எடுத்து, துடைத்து, ஓட்டைகள் போட்ட ஸ்டென்சில் தகட்டை மேலே வைத்துப் பேஸ்ட்டைத் தேய்த்து, ஹாட் ஏர் காட்ட வேண்டும். சாம்பல் நிறப் பேஸ்ட் ஒரு நொடியில் உருகி, பளிச்சென்று முத்து முத்தாய்த் திரளும் பாருங்கள்! விடியற்காலையில் குறுவை நாற்றின் நுனியில் தண்ணீர் உருண்டையாக நிற்கிறதே, அதே பரப்பு இழுவிசைதான். போர்டில் வைத்துச் சூடு காட்டும்போது சிப்பைச் சாமணத்தால் லேசாகத் தட்டினால், தானே நகர்ந்து வந்து தன் இடத்தில் உட்காரும். முதல் தடவை அதைப் பார்த்த அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

இப்படி ஒரு கைத்தொழிலை நாம் கற்றது எங்கே? கல்லூரியில் அல்ல, கடையில். கடைக்காரர்கள் கோபிக்க வேண்டாம் (இந்த மலருக்கு விளம்பரம் தந்தவர்களும்தான்!). தொழில் கற்றுத் தந்ததற்கு நன்றி உண்டு. ஆனால் கடையில் தொழிலைத்தான் சொல்லித் தருகிறார்கள், நம் உடம்பைப் பற்றி யாரும் சொல்வதில்லை.

ரீபாலிங் நடக்கும்போது ஃபேனை நிறுத்திவிடுவார்கள். காரணம் உண்டு. காற்று அடித்தால் சூடு ஒரே சீராக ஏறாது, சிப் பக்கத்தில் இருக்கும் மணல் அளவு கெப்பாசிட்டர்கள் இடம் மாறிவிடும். ஆகவே சித்திரை வெயிலிலும் கதவைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துக்கொண்டு வேலை. ஃப்ளக்ஸ் புகை நேராக மேலே எழுந்து நம் மூக்குக்குத்தான் வரும். சாம்பிராணி மாதிரி வாசனை என்று முதலில் பிடித்துக்கூடப் போகும். அது பைன் மரத்துப் பிசினைச் சுடுகிற புகை. நாள் கணக்கில் அதைச் சுவாசிக்கிறவர்களில் சிலருக்கு ஆஸ்துமா வந்துவிடும். அப்படி ஒருமுறை உடம்பு அதற்குப் பழகிச் சினந்துவிட்டால், பிறகு கொஞ்சம் புகை பட்டாலே இழுக்க ஆரம்பித்துவிடும். இங்கிலாந்தில் தொழில் பாதுகாப்புத் துறை, வேலையால் வரும் ஆஸ்துமாவுக்கு முக்கியமான காரணங்களில் ஒன்றாக இந்தப் புகையைப் பட்டியலிட்டிருக்கிறது.

எனக்கு ரீபாலிங் சொல்லித் தந்த சீனியர் அண்ணன் ஒருவர் இருந்தார். கை நடுங்காத மனுஷன். மேக்னிஃபையர் இல்லாமலே ஸ்டென்சில் பொருத்துவார். அவருக்கு இரவில் இருமல் வந்தது, பிறகு இழுப்பு. "ஞாயித்துக்கெழம நல்லாத்தான்டா இருக்கேன், திங்கக்கெழம ராத்திரி ஆனா நெஞ்ச அடைக்குது" என்பார். தூசி, பனி, குளிர்ந்த தண்ணீர் என்று எல்லாவற்றையும் பழி சொன்னோம். கடைசியில் டாக்டர் ஒருவர்தான், "தம்பி, என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டார். லீவு நாளில் குறைந்து, வேலை நாளில் கூடுகிற இழுப்பு என்றால் வேலையைத்தான் சந்தேகப்பட வேண்டுமாம். இன்றைக்கு அந்த அண்ணன் வேறு ஒரு கடையில் கண்ணாடி ஒட்டி, கவர் விற்றுக்கொண்டிருக்கிறார். அயர்ன் வைத்த பெஞ்ச் பக்கம் போக முடியாது. அந்தக் கை அப்படியே வீணாகிவிட்டது.

புகை கண்ணுக்குத் தெரிகிறது. ஈயம் தெரிவதில்லை. இங்கேதான் நம்மில் பலருக்கும் குழப்பம். "புகையில ஈயம் இருக்கு, மூச்சுல போயிடும்" என்று பயப்படுவார்கள். நம் அயர்ன் முனை 350 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். ஈயம் கொதிப்பது 1,700 டிகிரிக்கும் மேலே. ஆகவே அது ஆவியாகி மூக்கில் ஏறுவது நம் பெஞ்சில் அநேகமாக நடக்காது. ஈயம் போகிற வழி வேறு. பேஸ்ட் தேய்த்த விரல், சால்டர் கம்பி பிடித்த விரல், வலையில் உதிர்ந்த பொடி. அதே விரலால் பஜ்ஜி! டீ கிளாஸ் விளிம்பு! நகத்தைக் கடிக்கிற பழக்கம் வேறு. சிலர் இரண்டு கையும் வேலையில் இருக்க, கம்பியைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். நானும் கடித்திருக்கிறேன்.

வீட்டில் இதைச் சொன்னபோது அப்பாயி சிரித்தார். "ஈயம்தானேடா? நம்ம ரசச் சொம்பும் ஈயந்தான். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசித்தானே தலைமுறை தலைமுறையா சாப்டோம். எங்களுக்கு என்ன ஆச்சு?" நல்ல கேள்வி! தமிழில் 'ஈயம்' என்ற ஒரு சொல் இரண்டு உலோகத்துக்கும் நடமாடுவதால் வந்த வினை. கும்பகோணத்து ஈயச் சொம்பு வெள்ளீயம், அதாவது டின். தெருவில் கூவிக்கொண்டு வந்து, நவச்சாரம் போட்டுப் பாத்திரத்துக்குப் பூசிவிட்டுப் போனார்களே, அதுவும் வெள்ளீயம்தான். விஷம் காரீயம், நாம் 'லெட்' என்று சொல்வது. நம் சால்டர் கம்பியில் இரண்டும் சேர்ந்திருக்கிறது. 63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு காரீயம் என்றால் 183 டிகிரியில் உருகும். தனி வெள்ளீயம் 232 டிகிரியிலும் தனிக் காரீயம் 327 டிகிரியிலும்தான் உருகும். சேர்ந்தால் இரண்டையும்விடக் கீழே! அதனால்தான் அந்தக் கலவையை விட நமக்கு மனசு வரவில்லை. அப்பாயியிடம் இவ்வளவும் சொல்லவில்லை. "அது வேற ஈயம், இது வேற ஈயம் அப்பாயி" என்றேன். "அப்ப கையக் கழுவிட்டு வந்து உக்காரு" என்றார். ஒரு கட்டுரை எழுதி நான் சொல்ல வந்ததை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார்!

வேடிக்கை என்னவென்றால், கம்பெனியில் இருந்து வருகிற போனில் காரீய சால்டர் கிடையாது. ஐரோப்பிய நாடுகளில் 2006 ஜூலை 1 முதல் மின்னணுப் பொருட்களில் ஈயத்துக்குக் கட்டுப்பாடு. நம் நாட்டிலும் 2011-ஆம் ஆண்டு மின்கழிவு விதிகளில் 0.1 சதவீத வரம்பு வந்து, 2022 விதிகளிலும் தொடர்கிறது, சில விலக்குகள் தவிர. வெள்ளீயம், கொஞ்சம் வெள்ளி, கொஞ்சம் செம்பு சேர்ந்த கலவைதான் உள்ளே இருக்கும். அது 217 டிகிரிக்கு மேலேதான் உருகும். அந்தச் சூட்டுக்குப் போனால் போர்டு வளையும், பக்கத்துச் சிப் கெடும் என்று பயந்து, கடைகளில் 183 டிகிரி பேஸ்ட்டை எடுக்கிறோம். சட்டம் போட்டு வெளியேற்றிய ஈயத்தை ரீபாலிங் என்ற பெயரில் நாமே திரும்ப உள்ளே வைக்கிறோம்! சரி, லெட் இல்லாத பேஸ்ட்டுக்கு மாறினால் தீர்ந்ததா? ஈயக் கவலை தீரும், புகைக் கவலை தீராது. சூடு கூடக் கூடப் புகையும் கூடும்.

வாடிக்கையாளர் பக்கத்தையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எல்லா நோய்க்கும் ரீபாலிங் மருந்து அல்ல. சிப்பின் உள்ளேயே கோளாறு இருந்தால் ஹாட் ஏர் காட்டியதும் நாலு நாள் உயிர் வரும், பிறகு போய்விடும். 2008-ல் என்விடியா நிறுவனத்தின் லேப்டாப் சிப்புகள் சிலவற்றில் உள்பாகத்திலேயே பலவீனம் என்று தெரிந்து, அந்த நிறுவனமே கோடிக்கணக்கான டாலரை ஒதுக்க நேர்ந்தது. அந்த வகைச் சிப்பை ரீபால் செய்து காசு வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. நம் டெல்டா ஈரத்தில் இன்னொரு வம்பு, சிப்பின் பிளாஸ்டிக் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். திடீரென்று சூடு காட்டினால் உள்ளே நீராவி திரண்டு, சோளப்பொரி மாதிரி வெடிக்கும். 125 டிகிரியில் பல மணி நேரம் காயவைத்துவிட்டு வேலை செய்ய வேண்டும். அவசரக் கடையில் அதற்கு யாருக்குப் பொறுமை? பேட்டரியைக் கழற்றாமல் ஹாட் ஏர் காட்டுவதும், தின்னர் பாட்டிலைத் திறந்தபடி பக்கத்தில் வைப்பதும் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம். தீப்பிடித்த பிறகுதான் எழுதுவோம் போலிருக்கிறது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். நம் சால்டரிங் லேபில் என்ன இருக்கிறது? அயர்ன் இருக்கிறது, ஸ்டாண்டு இருக்கிறது, சுவரில் 'பாதுகாப்பே முதன்மை' என்று போர்டும் இருக்கிறது. புகை போக வழி இல்லை. ஜன்னல் உண்டு, ஆனால் கொசு என்று மூடியே வைத்திருக்கிறோம். கை கழுவ வேண்டுமென்றால் கேன்டீன் பக்கத்துக் குழாய்க்குப் போக வேண்டும். போகிற வழியிலேயே வடை வந்துவிடுகிறது! குப்பியில் இருக்கும் சானிடைசரைத் தேய்த்துக்கொண்டு 'கை சுத்தம்' என்று நினைப்போரும் உண்டு. அது கிருமியைக் கொல்லும், ஈயத்தை அகற்றாது. அதற்குச் சோப்பும் ஓடுகிற தண்ணீரும்தான் வேண்டும்.

சட்டையோடு ஈயம் வீட்டுக்கும் வரும். வயிற்றுக்குள் போகிற ஈயத்தைச் சின்னக் குழந்தைகளின் உடம்பு பெரியவர்களைப் போல் நாலைந்து மடங்கு கிரகித்துக்கொள்ளும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பாதுகாப்பான அளவு என்று ஒன்று தெரியவில்லை என்றும் சொல்கிறது. என் அக்காள் மகள் இப்போதுதான் தவழ்கிறாள், தரையில் கிடப்பது எல்லாம் அவள் வாய்க்குத்தான். கடைச் சட்டையைக் கொல்லைப்புறத்தில் தனி ஆணியில் மாட்டுவது என்று நான் முடிவு செய்தது அவளுக்காகத்தான்.

ஆகவே மன்றத்துக்கு என் கோரிக்கை. ஒன்று, லேப் வாசலிலேயே ஒரு குழாய், ஒரு சோப்பு. இரண்டு, ஜன்னலில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன், அதிலிருந்து பெஞ்ச் வரைக்கும் வளைகிற குழல். காற்றை ஊதக்கூடாது, உறிஞ்ச வேண்டும். குழலின் வாயை வேலை நடக்கும் இடத்துக்கு அருகில் வைத்து, இழுப்பை அளவாக வைத்தால் சிப்பும் குளிராது, புகையும் முகத்துக்கு வராது. கார்பன் பஞ்சு வைத்த குட்டி ஃபேன்கள் கிடைக்கின்றன, அவற்றைவிடப் புகையை வெளியே தள்ளிவிடுவதே மேல். மூன்றாவது, வாரம் ஒரு சாயங்காலம் சீனியர்கள் ஜூனியர்களுக்கு லேபிலேயே ரீபாலிங் சொல்லித் தரலாம். பழைய போர்டுகள் கடைகளில் சும்மாவே கிடைக்கும். நான் வந்து சொல்லித் தரத் தயார்.

பணத்துக்கு எங்கே போவது என்பீர்கள். போன வருஷம் ஆண்டு விழாவுக்கு எத்தனை ஃபிளெக்ஸ் வைத்தோம் என்று எண்ணிப் பார்த்தேன், பதினொன்று. அதில் மூன்றைக் குறைத்தால் குழாயும் ஃபேனும் வந்துவிடும் என்பது என் கணக்கு. துறைத்தலைவர் ஐயாவிடம் வாய்மொழியாகக் கேட்டேன். "மன்றத்துல தீர்மானம் போட்டுக் கொண்டாங்க தம்பி, பிரின்சிபால் சார்கிட்ட நான் பேசுறேன்" என்றார். அடுத்த பொதுக்குழுவில் தீர்மானத்தை நான் முன்மொழிகிறேன். வழிமொழிய ஒருத்தர் வேண்டும். மெக்கானிக்கல், சிவில் நண்பர்களும் வரலாம்!

— இறுதியாண்டு ஈ.சி.இ. மாணவன்