மழைக்கு முன் பாட்டிலை எடுங்கள், தோழர்களே!



தீபாவளிப் பட்டாசுச் சரக்கு லாரி ஏறிக்கொண்டிருக்கிறது. அடுத்து வடகிழக்குப் பருவமழை. ஆண்டெல்லாம் மண்ணில் சிந்திய மருந்தை முதல் மழை கரைத்து ஓடைக்கும் கண்மாய்க்கும் இழுத்துப் போகும். அந்த மழைக்கு முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துப் படம் எடுங்கள்: சிவகாசிப் பக்கத்து விஸ்வநத்தத்திலும் சுற்றுப்பட்டிகளிலும் உள்ள ஒவ்வொரு தோழரிடமும் இதைத்தான் கேட்கிறோம்.

வெடிமருந்தில் சேரும் பெர்குளோரேட் தண்ணீரில் எளிதாகக் கரையும். நிறம் காட்டாது, காய்ச்சினாலும் போகாது. தைராய்டுக்கு அயோடின் சேரவிடாமல் தடுக்கும். கர்ப்பிணிக்கும் கைக்குழந்தைக்கும் ஆபத்து அதிகம். சிவகாசிப் பகுதி நிலத்தடி நீரில் இது மிகுதி என்று 2013-இல் வெளியான ஆய்வு சொல்லிவிட்டது. குடிநீரில் லிட்டருக்கு 70 மைக்ரோகிராம் என்று உலகச் சுகாதார நிறுவனம் வரம்பு வைத்திருக்கிறது. நம் நாட்டுக் குடிநீர்த் தரமான ஐஎஸ் 10500-இல் இதற்கு வரம்பே இல்லை. நாம் கேட்காவிட்டால் யார் சோதிப்பார்கள்?

“போட்டோவில் விஷம் தெரியுமா?” தெரியாது. எந்த இடத்துத் தண்ணீர், என்றைக்கு எடுத்தது என்பதைப் படம் சொல்லும். அதில் என்ன கலந்திருக்கிறது என்பதை ஆய்வகம் சொல்லும். இரண்டும் சேர்ந்திருந்தால் “இது உங்கள் ஊர்த் தண்ணீர்தானா?” என்று எந்த அதிகாரியும் தட்டிக்கழிக்க முடியாது.

செய்ய வேண்டியவை:

போர் தண்ணீர் என்றால் சில நிமிடம் மோட்டாரை ஓடவிட்டுப் பிடியுங்கள். அதே தண்ணீரால் பாட்டிலை மூன்று முறை அலசுங்கள். இடம், தேதி, நேரம் எழுதி ஒட்டுங்கள்.

மூன்று படம் எடுங்கள்: எடுத்த இடம், வெள்ளைத்தாள் பின்னணியில் பாட்டில், அந்தத் தண்ணீரில் நனைத்த நைட்ரேட் சோதனைப் பட்டையும் அதன் நிற அட்டையும் சேர்ந்து. நிழலில், ஃபிளாஷ் இல்லாமல், போனில் லொகேஷனைப் போட்டுவிட்டு எடுங்கள். படத்தில் திருத்தம் கூடாது. வாட்ஸ்அப்பில் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் இட விவரம் அழிந்துவிடும்.

பட்டாசு ஆபீசுக்குள் போன் கொண்டுபோகவே கூடாது. நம் வேலை வேலிக்கு வெளியே மட்டும்: ஓடை, கண்மாய், தெருக்குழாய், போர்.

“ஆபீசை மூடவைக்கப் பார்க்கிறீர்களா?” இல்லை. நம் உலை கொதிப்பதே அந்தக் கூலியில்தான். நைட்ரேட் வெடிமருந்திலிருந்து மட்டுமல்ல, சாக்கடையிலிருந்தும் வரும், உரத்திலிருந்தும் வரும். பட்டை நிறம் மாறியதுமே யார் மீதும் பழி போடாதீர்கள். ஆனால் உழைத்துக் களைத்து வருகிறவர் குடிக்கும் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

ஜனவரி 26 கிராம சபையில் படங்களை வரிசையாக வைப்போம். பெர்குளோரேட்டையும் பட்டாசு மருந்திலிருந்து வரக்கூடிய பேரியத்தையும் சோதித்து முடிவை ஊரறிய ஒட்ட வேண்டும் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தைக் கேட்கும் தீர்மானத்தை நிறைவேற்றுவோம்.

வருகிற ஞாயிறு காலை கண்மாய்க் கரைக்கு வாருங்கள். ஆளுக்கொரு பாட்டில், தெருவுக்கொரு போன். மழை நமக்காகக் காத்திருக்காது. இந்த வாரமே தொடங்குங்கள்!