கருவி பெரிதா, காது பெரிதா?



சென்ற மாதத்தில் ஒரு மாலைப்பொழுது. செபமாலை முடிந்து மக்கள் கலைந்து சென்றுகொண்டிருந்தனர். ஆரம்பாக்கத்திற்குக் கிழக்கே, பழவேற்காடு ஏரிக்கரைச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்திருந்த ஒரு தாயும் அவருடைய மகனும் பங்கு இல்லத்துத் திண்ணையில் எனக்காகக் காத்திருந்தனர். மகனுக்கு வயது 19. பாடகர் குழுவில் கீபோர்டு வாசிப்பவன். தந்தை ஏரியில் இறால் பிடித்துக் குடும்பம் நடத்துபவர். தாயின் கையில் கைக்குட்டையில் முடிந்த சிறு பொட்டலம் ஒன்று இருந்தது.

“சாமி, இவன் சொந்தமாகப் பாட்டுப் போட வேண்டுமாம். அதற்கு ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்கிறான். ஒன்றேகால் லட்சமாம். மாதத் தவணைக்குக் கொடுக்கிறார்களாம். முன்பணத்துக்கு இந்தத் தோட்டை அடகு வைக்கலாமென்று இருக்கிறேன். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும்” என்றார்.

அந்த ஒரு வார்த்தையை அவ்வளவு எளிதில் சொல்லிவிட முடியுமா? மகனை நோக்கி, “தம்பி, இப்போது நீ எதில் பழகுகிறாய்?” என்று வினவினேன். “எதிலும் இல்லை சாமி. கம்ப்யூட்டர் வந்த பிறகுதான் பழக வேண்டும்” என்றான்.

அப்பதிலே இம்மாதக் கட்டுரைக்குக் காரணமாயிற்று. நம் பங்குகளில் இளைஞர் பலர் தாமே பாட்டமைத்துப் பதிவு செய்ய ஆசைப்படுகின்றனர். ஆசை நல்லதே. ஆனால் பெற்றோருக்குக் கணினியைப் பற்றித் தெரியாது. பிள்ளைக்குக் கடனைப் பற்றித் தெரியாது. இவ்விரு அறியாமைகளுக்கும் நடுவே விற்பவர் நிற்கிறார். கோபுரம் கட்டத் தொடங்கி, முடிக்க இயலாமல் ஊராரின் நகைப்புக்கு ஆளானவனைப் பற்றி நாம் நற்செய்தியில் வாசித்திருக்கிறோம் அல்லவா? முதலில் அமர்ந்து கணக்குப் பார்ப்போம்.

பெரியவர்கள் எதில் தொடங்கினர்?

இசைக் கருவிகளும் கணினியும் ஒன்றோடொன்று பேசுவதற்கான ‘மிடி’ என்னும் பொது மொழி 1983இல் நடைமுறைக்கு வந்தது. 1985இல் வெளிவந்த அட்டாரி எஸ்.டி. என்ற கணினியில் மிடி இணைப்புத் துளைகள் உடன் அமைந்திருந்தன. ஆகவே உலகெங்கும் இசையமைப்பாளர்கள் அதனை விரும்பி வாங்கினர். அதன் தொடக்க வகையில் இருந்த நினைவகம் எவ்வளவு தெரியுமா? 512 கிலோபைட். இன்று சாதாரண மடிக்கணினியில் உள்ள 8 ஜிகாபைட் நினைவகம் அதைப்போல் பதினாறாயிரம் மடங்குக்கும் மேல்!

நம் சென்னையிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஏ.ஆர். ரகுமான் தம் வீட்டின் பின்புறத்தில் சிறிய ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றை 1989இல் அமைத்துக்கொண்டார். 1992இல் வெளிவந்த ‘ரோஜா’ படத்தின் இசை அங்கேதான் உருவாயிற்று. அமெரிக்காவில் பில்லி ஐலிஷ் என்ற இளம் பாடகியும் அவருடைய அண்ணனும் தம் வீட்டுப் படுக்கையறையிலேயே பெரும்பாலும் பதிவு செய்து 2019இல் வெளியிட்ட இசைத் தொகுப்பு, மறு ஆண்டில் கிராமி விருது பெற்றது. இவர்களெல்லாம் ஏழைகள் என்று நான் கூறவில்லை. அறை சிறிதாயினும் கருவி சிறிதாயினும், பழகிய காதும் கையும் இருந்தால் பாட்டுப் பிறக்கும் என்பதற்காகவே கூறுகிறேன்.

கணினிக்குள் பார்க்க வேண்டியவை

கணினியை ஒரு படகாக எண்ணிக்கொள்ளுங்கள். புராசசர் எனப்படும் செயலி படகின் என்ஜின். ராம் எனப்படும் நினைவகம், வலையை உதறி மீனைப் பிரிக்கும் தளம். தளம் குறுகலாயின் எத்தனை வலிமையான என்ஜின் இருந்தும் வேலை ஓடாது. தட்டு எனப்படும் சேமிப்பகம், கரையில் மீனை வைக்கும் பெட்டி.

தொடக்கநிலை இசைப் பணிக்கு நினைவகம் 8 ஜிகாபைட் இருத்தல் வேண்டும். 16 இருந்தால் நன்று. பின்னால் கூட்டிக்கொள்ள இடமுள்ளதா என்பதைக் கேட்டறிவது அவசியம். ஏனெனில், சில மெல்லிய மடிக்கணினிகளில் நினைவகத்தைப் பலகையோடு பற்றவைத்து விடுகின்றனர். பிறகு கூட்டவே இயலாது. செயலி, இன்டெல் ஐ5 அல்லது ரைசன் 5 வகையில் இருந்தால் போதுமானது. சேமிப்பகம் சுழலும் பழைய ஹார்டு டிஸ்காக இராமல், எஸ்.எஸ்.டி. வகையாக இருத்தல் வேண்டும். இருபது தடங்கள் கொண்ட ஐந்து நிமிடப் பாட்டொன்றை நல்ல தரத்தில் பதிந்தால் ஏறத்தாழ 860 மெகாபைட் இடம் பிடிக்கும். எனவே 256 ஜிகாபைட்டில் தொடங்கலாம். 512 இருந்தால் கவலையில்லை.

விளையாட்டுகளுக்கென்று விலை கூட்டி விற்கப்படும் கிராஃபிக்ஸ் கார்டு இசைக்குத் தேவையே இல்லை. தவணைக் கடையில் அந்த இளைஞனுக்குக் காட்டப்பட்ட கணினியின் விலையில் பெரும் பகுதி அதற்கானதே என்பதை விவரச் சீட்டைப் பார்த்ததும் அறிந்துகொண்டேன்.

மேசைக் கணினியா, மடிக்கணினியா? கொடுக்கும் பணத்துக்கு மேசைக் கணினியே வலிமை மிக்கது. எனினும் மின்சாரம் அடிக்கடி வந்து போகும் ஏரிக்கரை ஊர்களில், பதிவின் நடுவே விளக்கணைந்தால் பாடியது பறிபோகும். யு.பி.எஸ். வாங்கினால் அதற்கும் செலவு. ஆதலால் நம்மவர்க்கு மடிக்கணினியே ஏற்றதென்பது என் எண்ணம்.

காதுக்கு எட்டும் தாமதம்

முதன்முதலாகப் பதிவு செய்வோர் பலரும் மனமொடியும் இடம் ஒன்றுண்டு. ஹெட்போனை மாட்டிக்கொண்டு பாடினால், தன் குரலே சற்றுப் பிந்தி வந்து காதில் விழும், தாளம் தடுமாறும். “கணினி மட்டம், புதிது வேண்டும்” என்று பிள்ளை சொல்லத் தொடங்குவான். உண்மையில் குற்றம் பெரும்பாலும் அமைப்பில்தான்.

கணினி ஒலியைத் துளித்துளியாக வாங்கிச் சேர்த்து, ஒரு கை நிறைந்ததும் தள்ளிவிடுகிறது. நொடிக்கு 44,100 துளிகள் என்ற கணக்கில், 1,024 துளிகள் சேரும்வரை காத்திருந்தால் தாமதம் 23 மில்லி விநாடி. 128 துளிகளாகக் குறைத்தால் 3 மில்லி விநாடிதான். உள்ளே வருவதற்கும் வெளியே செல்வதற்கும் இது இரு முறை நிகழும். மென்பொருளில் ‘பஃபர்’ என்ற இடத்தில் இதனை மாற்றலாம். பாடும்போது குறைத்தும், தடங்களைக் கலக்கும்போது கூட்டியும் வைப்பது வழக்கம். விண்டோஸ் கணினியில் ‘ஆசியோ’ என்னும் இயக்கியும், மைக்கை இணைக்க ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற சிறு பெட்டியும் இருந்தால் தொல்லை பெரிதும் நீங்கும். புளூடூத் ஹெட்போன் பதிவுக்கு உதவாது. அதன் தாமதம் பத்தில் ஒரு விநாடியையும் தாண்டும். கம்பியுள்ள எளிய ஹெட்போனே மேல்.

பழையது வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம், விழிப்போடு. அலுவலகங்கள் சில ஆண்டுகள் பயன்படுத்திக் கழித்த மடிக்கணினிகள் சீரமைக்கப்பட்டு விற்பனைக்கு வருகின்றன. ஆரம்பாக்கத்தில் ரயிலேறிச் சென்னை சென்ட்ரலில் இறங்கினால், ரிச்சி தெரு தொலைவில் இல்லை. ஏறத்தாழ 20,000 ரூபாய் அளவில் தேடலாம். ஆனால் 2025ஆம் ஆண்டின் இறுதி முதல் நினைவகத்தின் விலை உலகெங்கும் ஏறிவிட்டதால், இரண்டு மூன்று கடைகளில் விசாரிப்பது நலம்.

மற்றொன்றும் நினைவிற்கொள்க. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் அளித்து வந்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி இயங்க, இன்டெல் செயலியாயின் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். “மலிவு” என்று ஆறாம் தலைமுறைக் கணினியை எவரேனும் நீட்டினால் இதைக் கேளுங்கள். கடையிலேயே அரை மணி நேரம் ஓடவிட்டு, மின்விசிறியின் இரைச்சல், பேட்டரியின் நிலை, யு.எஸ்.பி. துளைகள், ஹெட்போன் துளை யாவற்றையும் சோதியுங்கள். துளைகளின் ஓரத்தில் பச்சை பூத்திருந்தால் உப்புக்காற்று உள்ளே புகுந்துவிட்டது என்று பொருள். வாங்கிய பின் நம் வீட்டிலும் அதே உப்புக்காற்றுதான். மூடி வைத்துக் காக்க வேண்டும்.

முழுத் தொகையையும் கணினியிலேயே கொட்டிவிடக் கூடாது. கையில் 30,000 ரூபாய் இருந்தால், மூன்றில் இரு பங்கு கணினிக்கு. மீதி, மைக், இன்டர்ஃபேஸ், ஹெட்போன், நகல் எடுக்கும் தட்டு ஆகியவற்றுக்கு. மென்பொருளுக்குப் பணமே வேண்டாம். ஆடாசிட்டி, எல்.எம்.எம்.எஸ்., வேவ்ஃபார்ம் ஃப்ரீ ஆகியவை இலவசம். பாட்டை இசைக் குறியீட்டில் எழுத மியூஸ்கோர் இலவசம். ரீப்பர் என்பதை 60 நாள் பழகிப் பார்த்து, பிறகு 60 டாலருக்கு உரிமம் பெறலாம். திருட்டுப் பிரதிகளை நாட வேண்டாம். அது பிறர் உழைப்பைக் களவாடுவது. பல வேளைகளில் நம் கணினிக்குள் வைரஸையும் கூட்டி வரும்.

நான் செய்த தவறு

இவ்வளவும் சொல்லும் நான் முன்பு செய்த பிழையை மறைக்கலாகாது. சில ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய பங்கில், பாடகர் குழுவுக்கென ஒரு பழைய கணினியை அவசரத்தில் வாங்கினேன். தட்டு எத்தனை ஆண்டு உழைத்தது என்று நான் கேட்கவில்லை, விற்றவரும் சொல்லவில்லை. அவ்வூரில் பெரிய வெள்ளியன்று புலம்பல் பாடும் முதியவர் ஒருவர் இருந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர்; தம் தந்தையிடம் செவிவழியாய்க் கற்றவர். இரண்டு இரவுகள் அவரை அமர்த்தி முழுவதையும் பதிவு செய்தோம். நகல் எடுக்கவில்லை. “அப்புறம் பார்த்துக்கொள்வோம்” என்றேன்.

மூன்று மாதத்தில் அந்தத் தட்டு ‘டக், டக்’ என்று ஒலித்து நின்றது. பழுதுபார்ப்பவர் கைவிரித்துவிட்டார். மீண்டும் பதிவு செய்யலாமென்று நாள் குறிப்பதற்குள் முதியவர் இறைவனடி சேர்ந்தார். முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் அவருடைய மகள் வந்து, “சாமி, அப்பாவின் குரலை ஒரு தரம் போட்டுக் காட்டுங்கள்” என்று கேட்டார். நான் என்ன சொல்வேன்? அந்த முகம் இன்றும் என் கண்முன் நிற்கிறது.

ஆகவே இளைஞர்களே, பதிந்த அன்றே நகல் எடுங்கள். ஒன்று கணினியில், ஒன்று பென் டிரைவில், ஒன்று வேறொரு வீட்டில். 2023 டிசம்பரில் மிக்சாங் புயல் வந்தபோது நம் மாவட்டத்தின் தாழ்ந்த பகுதிகளில் வெள்ளம் சூழ்ந்ததே. ஒரே வீட்டில் இரண்டு நகல் இருந்து என்ன பயன்?

ஏரி கற்பித்த பாடம்

பழவேற்காடு ஏரியில் நம் மீனவ முன்னோர் வகுத்த ‘பாடு’ முறையை வாசகர் பலர் அறிவர். நல்ல இறால் படும் இடங்கள் சில; உரிமையுள்ளோர் பலர். எனவே முறை வைத்து, இன்ன நாளில் இன்னார் வலை போடுவது என்று ஒழுங்கு செய்துகொண்டனர். கணினிக்கும் அதே முறை ஆகாதா? பாடகர் குழுவில் நான்கு வீட்டார் சேர்ந்து நல்லதொரு கணினி வாங்கி, வாரத்தில் நாள் பிரித்துக்கொண்டால் எவரும் தோட்டை அடகு வைக்க வேண்டியதில்லை.

தமிழக அரசு 2011 முதல் மேல்நிலை மாணவர்க்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினி, நம் வீடுகள் பலவற்றில் பரண்மேல் தூங்குகிறது. அந்த இளைஞனின் வீட்டிலும் அக்காவுக்குக் கிடைத்தது ஒன்று இருந்தது. “ஆறு மாதம் இதில் பழகு. பத்துப் பாட்டுப் பதிந்து வா. இது போதவில்லை என்று உன் காதே சொல்லும்போது, எது போதவில்லை என்பதும் உனக்கே தெரிந்துவிடும். அப்போது வாங்குவோம், நானும் உடன் வருகிறேன்” என்றேன். அவன் முகம் சற்று வாடியது. தாய் பொட்டலத்தை மடியில் செருகிக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்து அவன் வந்தான். வலை இழுக்கையில் முன்பு பாடிய அம்பாப் பாட்டொன்றைத் தன் தாத்தாவைப் பாடச் சொல்லிப் பதிந்திருந்தான். எல்லா வலையையும் கூடி இழுத்த காலம் போய், அப்பாட்டும் வழக்கொழிந்து வருகிறது. பின்னால் விசிறி இரைந்தது. இவன் சேர்த்த தாளம் இரண்டிடத்தில் தப்பியது. “சாமி, விசிறியை நிறுத்திவிட்டு மறுபடியும் எடுக்க வேண்டும். தாளம் தப்பும் இடம் இப்போதுதான் காதில் விழுகிறது” என்றான். நகல் எடுத்தாயா என்று நான் கேட்குமுன்னே, சட்டைப் பையிலிருந்து பென் டிரைவை எடுத்து என் மேசைமேல் வைத்தான்.

பெற்றோரே, பிள்ளையின் ஆசையைத் தட்டிக்கழிக்காதீர்கள். அதற்காகக் கடனிலும் விழாதீர்கள். பரணில் இருப்பதை இறக்கித் துடைத்துக் கொடுங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களின் பாட்டையும் இந்த மாதமே பதியச் சொல்லுங்கள். அடுத்த மாதம் மீண்டும் சந்திப்போம்.